எட்டும் தூரம்

மலையேற்ற வழிகாட்டி புது வாக்கிடாக்கி வாங்கக் கடைக்கு வந்திருந்தார். போன மழைக்காலத்தில் பழைய செட்டுக்குள் தண்ணீர் புகுந்து அது ஊமையாகிவிட, மலையில் தனியாக மாட்டிக்கொண்ட மைத்துனனைப் பிணமாகத்தான் இறக்கினார்கள். அன்றிலிருந்து மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“விலை கிடக்கட்டும். மழை தாங்கணும், தூரம் எட்டணும்,” என்றார்.

கடைக்காரர் ஒன்றை நீட்டினார். “பாலம் வரைக்கும் நடந்து பாருங்க. இன்னொண்ணுல நான் பேசறேன்.”

வெயில் மண்டையைப் பிளந்தது. பாலத்தில் நின்று செட்டைக் காதில் வைத்தார்.

“கேக்குது. இன்னும் கொஞ்சம் வாங்க,” என்றது இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல். பாலம் தாண்டியும் கேட்டது. மனம் நிறைந்து திரும்பினார்.

“இதையே குடுங்க.”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் கையிலிருந்த செட்டின் முதுகு திறந்து கிடந்தது. “மன்னிச்சுக்குங்க. இதுக்குப் போட பேட்டரி இன்னும் அகப்படல. நான் பேசவே இல்லயே.”

வழிகாட்டியின் கையிலிருந்த செட் கரகரத்தது.

“மாமா, இங்க இருட்டாவே இருக்கு. அங்க விடிஞ்சிடுச்சா?”

வழிகாட்டி வெயில் கொட்டும் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பொத்தானை அழுத்தினார்.

“இன்னும் விடியலடா. நீ தூங்கு.”