தொலைநோக்கி போட்ட கூச்சல்

விண்வெளியில் மிதந்த ஒரு தொலைநோக்கி திடீரென்று கூச்சல் போட்டது.

"கண்டுபிடிச்சிட்டேன்! தூரத்து கேலக்ஸி எல்லாம் ஒரே பக்கமா நீண்டு தெரியுது. நடுவுல கண்ணுக்குத் தெரியாத பெரிய பாரம் ஒண்ணு தன் ஈர்ப்பால அதுங்க ஒளியை வளைக்குது. இதோ, பூமிக்குச் சொல்லப்போறேன்!"

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றது அருகிலிருந்த நட்சத்திரம். "நான் எப்படித் தெரியறேன்?"

"அடடே, நீயும் அதே பக்கம் நீண்டிருக்கியே தங்கச்சி!"

"நான் பக்கத்து வீடு. நமக்கு நடுவுல ஏது பாரம்? நான் வெறும் உருண்டைப் புள்ளிண்ணே."

தொலைநோக்கிக்கு வெட்கமாகிவிட்டது. தன் கண்ணாடிதான் லேசாகக் கோணியிருக்கிறது என்று அதற்குப் புரிந்தது. நட்சத்திரம் எவ்வளவு நீண்டு தெரிந்ததோ, அவ்வளவு கோணலை எல்லாப் படங்களிலிருந்தும் கழித்தது. உடனே கேலக்ஸிகள் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி நின்றன. ஒரு மூலையில் இருந்தவை மட்டும் இன்னும் ஒரே பக்கமாக, இம்மியளவு நீண்டிருந்தன.

தொலைநோக்கிக்குக் கூச்சல் தொண்டைவரை வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு முதலில் நட்சத்திரத்தைப் பார்த்தது.

"இப்போ நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டது நட்சத்திரம்.

"அழகா, உருண்டையா இருக்கே."

"அப்போ கத்துங்கண்ணே!"