நாலாவது மனு

"மறுபடியும் நீயா?" பூப்பண்ணை மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கொஞ்சம் தள்ளியே நில்லும்மா. அந்த மருந்து வாடை எனக்கு ஒத்துக்காது."

செடிகளுக்குப் பூச்சி மருந்தடிக்கும் அந்தப் பெண் கதவோரமாக நின்றாள். முதுகில் சுமக்கும் டேங்க்கை வெளியிலேயே இறக்கி வைத்திருந்தாள்.

"என்னை பேக்கிங் ரூமுக்கு மாத்திடுங்க சார்."

"உன்னோட பெரிய ரோதனையா போச்சு! கர்ப்பமா இருக்கறவங்களைத்தான் மாத்த முடியும். டாக்டர் சர்டிபிகேட் வேணும், அப்புறம் ஹெட் ஆபீஸ் ஆர்டர் வரணும். எத்தனை தடவை சொல்றது?"

"தெரியும் சார்."

மேனேஜர் ஃபைலைப் பிரித்து மேஜையில் தட்டினார். "ரெண்டு வருஷத்துல மூணு மனு, மூணு சர்டிபிகேட். ஒரு தடவையாவது பிரசவ லீவு கேட்டிருக்கியா? யார் காதுல பூ சுத்தற?"

அவள் இடுப்பில் செருகியிருந்த மனுவை எடுத்தாள்.

"சரி, நாலாவது சர்டிபிகேட்டைக் கொடு."

"இல்லை சார். இப்ப நான் கர்ப்பமா இல்லை."

மேனேஜர் பேனாவை மேஜையில் வீசினார். "அப்புறம் எதுக்கும்மா என் உயிரை வாங்கற? உண்டானதும் வா, பார்க்கலாம்."

"மூணு தடவையும் உண்டானதும்தான் சார் வந்தேன். ஆர்டர் வர ரெண்டு மாசமாச்சு. அதுவரைக்கும் மருந்துதான் அடிச்சேன். மூணும் கலைஞ்சு போச்சு."

உள்ளே வந்து மனுவை அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தத் தடவை முதல்ல ஆர்டர் வரட்டும் சார். குழந்தை அப்புறம் வரட்டும்."