ஊசி கழற்றிய மெஷின்

தையல்காரி தன் பழைய மெஷினை விற்பனை ஆப்பில் போட்ட அன்றே, யாரும் தொடாதிருக்க ஊசியைக் கழற்றி, பெல்ட்டையும் அவிழ்த்து டப்பாவில் போட்டுவிட்டாள். மறுநாள் ஒருவன் போன் செய்தான். பொருளைப் பார்க்கக்கூட வராமல், "க்யூஆர் கோடு அனுப்புறேன் அக்கா. ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்" என்றான்.

அதே குரல், அதே பேச்சு. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "பணம் வாங்குறவ எதுக்குடா பின் போடணும்? போன மாசம் என் தங்கச்சி பிரசவத்துக்குச் சேர்த்த காசை இப்படித்தானே வழிச்சிட்டுப் போன?"

அவன் அசரவில்லை. "மெஷின்தான் வந்துடுச்சே அக்கா. இப்பக்கூட ஒரு நீலச் சட்டை தைச்சிட்டு இருக்கேன். கொஞ்சம் கடகடங்குது."

போனில் அந்தக் கடகடப்பு கேட்டது. வருஷக்கணக்காக அதை மிதித்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

போனும் கையுமாக உள்ளறைக்குப் பாய்ந்தாள். மெஷின் மூலையிலேயே இருந்தது. ஊசி இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, பாதி தைத்த நீலத் துணி கிடந்தது. ஆத்திரத்தில் அதை வெடுக்கென்று இழுத்தாள்.

போனில் அவன் அலறினான். "இழுக்காதீங்க அக்கா! விரல் மாட்டிக்கிச்சு!"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போனை மெஷின் மேல் வைத்துவிட்டு, மிதிபலகையில் காலை வைத்தாள்.