ஐந்து பேருக்கு வழி விட்டவர்

"ஆறாவது வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க ஐயா."

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் கண்ணைச் சுருக்கினார், விரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரும்பப் படித்தார். அப்போதும் மூன்று எழுத்து தப்பு.

கண் டெஸ்ட் எடுப்பவளுக்கு மனசு கேட்கவில்லை. 'தகுதியில்லை' முத்திரையை எடுக்கத் தயங்கினாள். ஆனால் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இந்த டெஸ்டில் தேறினால்தான் லைசென்ஸ் என்று சட்டம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது.

"முப்பத்தொரு வருஷம்மா. ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை."

"என் கையில எதுவும் இல்லையே ஐயா."

"சரி, ஒண்ணு கேக்கறேன். சட்டம் போட்டவங்களுக்கும் இதே பலகைதானா? இல்ல, அவங்களுக்குன்னு பெரிய எழுத்துல தனியா வெச்சிருக்கீங்களா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. காரணம், இன்றைய ஆறாம் நம்பர் டோக்கன் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினருடையது. "நமக்குமா?" என்று சபையில் மற்றவர்கள் சிரித்தபோது, "நமக்கும்தான்" என்று மேசையைத் தட்டியவர். வயது அறுபத்தெட்டு. டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தன் காரைத் தானே ஓட்டுவதை மேடைக்கு மேடை சொல்லிக்கொள்பவர்.

விஷயம் வேன்காரர் காதிலும் விழுந்துவிட்டது. வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"மகன் வந்துதான் வண்டியை எடுக்கணும். அதுவரைக்கும் வேடிக்கை பாக்கறேன்."

அவர் எதைப் பார்க்கக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவளுக்கும் அதே குறுகுறுப்புதான்.

உறுப்பினர் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஆபீசர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

"ஐயா, நீங்க எதுக்கு அலையணும்? ஃபாரத்தை அனுப்பியிருந்தா நான் முடிச்சு அனுப்பியிருப்பேனே?"

"நான் போட்ட சட்டத்துக்கு நானே டிமிக்கி கொடுக்கவா?" என்றவர், ஆபீசர் அறைக்குப் போகாமல், டெஸ்ட் அறை வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐந்தாவது ஆள் முடித்து வெளியே வந்தார். "ஆறாம் நம்பர்" என்று கூப்பிட்டாள்.

"அந்த அம்மா நிக்க முடியாம நிக்கறாங்க. முதல்ல அவங்க போகட்டும்."

அந்த அம்மாள் முடித்து வந்தார். மறுபடி கூப்பிட்டாள்.

"இவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சாம். போய்ட்டு வரட்டும்."

அதற்கடுத்து ஊன்றுகோல்காரர். பிறகு ஒரு கணவன் மனைவி. ஆக ஐந்து பேர். எல்லாரும் வயசானவர்கள், காது மந்தம் வேறு. அவர்கள் எழுத்துகளைப் படித்த சத்தம் வராந்தாவின் கடைசிவரை கேட்டது. உறுப்பினர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. சாயங்காலக் கூட்டத்துக்குப் பேச்சைத் தயார் செய்கிறாராக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வேன்காரர் வாசலில் வந்து தலையை நீட்டினார்.

"நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்மா. தன் முறையைக்கூட விட்டுக் கொடுக்கறாரே மனுஷன். இவர் போட்ட சட்டம்னா நான் கட்டுப்படறேன்."

அதைக் கேட்டு அவளுக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. எழுந்துபோய், வழக்கமாகச் செய்கிறபடி பலகையைச் சரி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, இப்பவாவது வாங்க."

அவர் தரையில் போட்டிருந்த கோட்டில் வந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேல் வரியில் ஆரம்பித்து எட்டாவது வரிவரை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தார்.

ஆபீசர் கையே தட்டிவிட்டார். "இந்த வயசுல என்ன ஒரு பார்வை! முத்திரையைப் போடும்மா."

அவள் பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"என்னம்மா யோசனை?"

"சார்... ஐயா ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லாமத்தான் சொன்னாங்க." அவள் மேசைக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்த பலகையை எடுத்து நிமிர்த்தினாள். "ஆனா எல்லாம் இந்தப் பலகையில இருக்கற எழுத்து. இப்ப மாட்டியிருக்கறது வேற."

ஆபீசரின் கை அப்படியே நின்றது.

"பத்து பேருக்கு ஒரு தடவை பலகையை மாத்தணும், இல்லேன்னா வெளியில இருக்கறவங்க காதால கேட்டே மனப்பாடம் பண்ணிடுவாங்கன்னு ஐயா போட்ட சட்டத்துலயே இருக்கு. ஐயா பதினோராவது ஆள்."

அவள் உறுப்பினர் பக்கம் திரும்பினாள்.

"எதிர்ல இருக்கறதைப் படிங்க ஐயா. நிதானமா படிங்க."

அவர் கண்ணைச் சுருக்கினார், விரித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். காலையில் வேன்காரர் ஃபாரத்தில் விழுந்த அதே முத்திரை இந்த ஃபாரத்திலும் விழுந்தது.

உறுப்பினர் கார் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். வேன்காரர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"வாங்க ஐயா, உக்காருங்க. என் மகன் வந்துடுவான். உங்களையும் வீட்டுல இறக்கி விடறோம்."