பச்சைத் தண்ணி

"பழைய இரும்பை என் தலையில கட்டிட்டீகளே, பாய்."

உதுமானின் ஒர்க்‌ஷாப் வாசலில் வேனை நிறுத்தியதுமே சங்கிலிமுத்து ஆரம்பித்துவிட்டான். வேனின் முன்பக்கம் இட்லிக் கொப்பரை போல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து வீடு திரும்பும் பதினாலு பெண்கள். அதில் ஒருத்தி அவன் மனைவி மாடத்தி.

உதுமான் ஓடிவந்து வேனின் பானெட்டைத் தூக்கினார். விபத்தில் நொறுங்கிய ஒரு வேனிலிருந்து அந்த இன்ஜினைக் கழற்றி, இதில் பொருத்திக் கொடுத்தது அவர்தான். தண்ணீர் ஓடும் வழியெல்லாம் துருச்சேறு அடைத்துக் கிடந்தது. மூன்று நாள் ஓஸ் குழாயை முன்னும் பின்னுமாக வைத்துத் தண்ணீர் அடித்து, அது தெளிந்து வந்த பிறகுதான் இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பச்சை நிறக் கூலன்ட்டை ஊற்றினார். பெற்ற பிள்ளையைக்கூட இந்த மனுஷன் இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று குல்சார் பேகம் இன்னும் புருஷனைக் குத்திக் காட்டுகிறாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டி கம்பெனி வாசல்ல நிக்கணும். நிக்கலைன்னா டிரிப்ப வேற வேனுக்குக் குடுத்துருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீகளே."

"செத்தப் பொறு சங்கிலி. சூடு ஆறட்டும்."

ஆறியதும் உதுமான் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். பச்சையைக் காணோம். செங்கல் நிறத்தில் ஒரு கலங்கல். விரலை விட்டு வழித்தால் உப்பு உப்பாக வந்தது.

"போர் தண்ணிய யாருலே ஊத்துனது? கொறைஞ்சா இதைத்தான் ஊத்தணும்னு கூலன்ட் கேனை உங்கிட்டதான குடுத்துவிட்டேன்?"

சங்கிலிமுத்து டயரைப் பார்த்தான். பிறகு எதிர்க்கடை போர்டைப் பார்த்தான்.

வேனிலிருந்து மாடத்தி இறங்கி வந்தாள். "நான்தான் பாய். தண்ணி கொறையுறப்பல்லாம் நான்தான் ஊத்துனேன்."

அவ்வளவுதான், சங்கிலிமுத்துவுக்குச் சாமியே வந்துவிட்டது.

"அறிவு இருக்கா ஒனக்கு? வெடிக்குத் திரி வைக்கத் தெரியுதுல்ல, வண்டிக்கு எதை ஊத்தணும்னு தெரியாதா? தெரியலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா கொறைஞ்சா போயிருவ?"

அத்தனை பெண்கள் முன்னால் அவள் தலை குனிந்து நின்றது உதுமானுக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, அதை ஏசாத. தப்பு என் மேல. தங்கச்சி எனக்கு போன் போட்டுக் கேட்டுச்சு. நான்தான் 'பச்சத்தண்ணி ஊத்துத்தா'ன்னு சொன்னேன். நான் சொன்னது பச்சைக் கலர் தண்ணிய. அது வெறுந்தண்ணின்னு நெனைச்சிருச்சு."

வேனே குலுங்கும்படி பெண்கள் சிரித்தார்கள்.

"நானா இருந்தா கொடத்தோட கவுத்திருப்பேன்" என்றாள் குருவம்மாள், ஜன்னல் வழியாக.

"இது புதுத் துருதான், முன்ன மாதிரி மூணு நாள் ஆகாது. இப்பமே கழுவ ஆரம்பிச்சா விடியுமுன்ன முடிஞ்சிரும். புதுக் கூலன்ட் என் செலவு. நாளைக்கு வண்டி ஓடும், போதுமா?" என்றார் உதுமான்.

"அப்ப காலையில வழக்கம்போல வந்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பஸ் பிடிக்கப் போனார்கள். சங்கிலிமுத்துவுக்கு உயிர் வந்தது. உயிரோடு பெருந்தன்மையும் சேர்ந்து வந்தது.

"சரி போகட்டும். ரெண்டு பேரையும் இந்தத் தடவ மன்னிச்சு விடுதேன்" என்று டீ சொல்லப் போனான்.

உதுமான் ரேடியேட்டரின் கீழ் ஓஸைக் கழற்றினார். துருத்தண்ணீர் கொட்டியது.

மாடத்தி பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். "எங்கிட்ட ஒங்க நம்பரே கிடையாது. எதுக்கு பாய் பொய் சொன்னீக?"

"அவன் அம்புட்டுப் பேச்சுப் பேசுதான், கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்லுதியா? நீயும் அவசரப்பட்டு ஏன் ஒத்துக்கிட்ட?"

"டிரைவருக்கே வண்டியப் பேணத் தெரியலைன்னு ஆயிட்டா, நாளைக்கு எவ பாய் ஏறுவா?"

உதுமான் ஸ்பானரோடு நிமிர்ந்தார். "அப்ப ஊத்துனது நீ இல்லையா?"

மாடத்தி ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்துற வாய் இங்கனதான் இருக்குங்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."