தஞ்சோங் காராங் வரை ஒரு ரவுண்டு

"எவன்டா என் ரோட்டர எடுத்தது?"

நல்லசாமி போட்ட சத்தத்தில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. அடுப்படியில் வேலம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேலம்மா! இந்த பெஞ்சுமேலதான் வச்சேன். கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பா இருக்கும். பாத்தியா?"

"உங்க சாமானுக்கு நான் என்ன காவக்காரியா? வீடாங்க இது? சோத்துப் பானையத் தொறந்தா கிரீஸ் வாடை. துணி காயப்போடுற கயித்துல ஒயரு தொங்குது. எங்கம்மா குடுத்த தாம்பாளத்துல பெட்ரோல ஊத்தி ஸ்குரூ கழுவுறீங்க!"

மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர் நல்லசாமி. எண்பதாம் வருஷம் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது, துருப்பிடித்துக் கிடந்த தன் பழைய ஸ்போர்ட்ஸ் காடியை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி. இரண்டே சீட்டுக் கார், மேலே கூரை கிடையாது. கூரையில்லாத அந்தக் காடிக்கு புக்கிட் ரோத்தான் ஊரிலேயே நல்ல கூரை போட்ட கொட்டகை. வேலம்மாவின் அடுப்படியிலோ மூன்று இடத்தில் ஒழுகல்.

ஆறு வருஷப் பாடு இன்று முடிந்திருக்க வேண்டும். சிவப்புப் பெயின்ட் பளபளக்கப் புது டயரோடு காடி நின்றது. மாட்ட வேண்டியது அந்த ரோட்டர் ஒன்றுதான், அது இல்லாமல் எஞ்சினில் பொறி விழாது. தஞ்சோங் காராங் வரை ஒரு ரவுண்டு போய்வரக் காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார் மனிதர். இப்போது அந்தச் சட்டையைப் பார்க்கச் சகிக்கவில்லை. துவைக்கப்போவது யார்? அவள்தானே!

பேட்டரி கொண்டுவந்த சிநேகிதன் செல்லன் காடிக்கு அடியில் புகுந்து தேடிவிட்டு வெறுங்கையோடு எழுந்தான்.

"என்னாண்ணே இது? போன வருசம் கார்புரேட்டர் ஊசி. அதுக்கு முந்தி பெட்ரோல் பம்பு ரப்பரு. காடி கெளம்புற அன்னிக்குன்னு பாத்து எப்படிலா ஒண்ணொண்ணாக் காணாமப் போவுது?"

"எலிதான்டா, வேற யாரு!"

"எலியாம் எலி! வச்ச எடம் ஞாபகம் இல்ல, எலி மேல பழி," என்றாள் வேலம்மா.

நல்லசாமிக்குக் குரல் உடைந்தது. "மறுபடியும் லண்டனுக்கு எழுதணும். கப்பல்ல வர நாலு மாசம். எனக்கு மட்டும் ஏன்டா இப்படி?"

கடுதாசி எழுத அவர் உள்ளே போனார். வேலம்மா எரிச்சலோடு கொட்டகைக்கு வந்து, குனிந்து டீ கிளாஸை எடுத்தாள். அவள் முந்தானை முடிச்சு அவிழ்ந்து, கறுப்பாக ஒன்று டொக்கென்று தரையில் விழுந்தது.

செல்லன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அண்ணி, நீங்களா? மனுசன் அழுவாத கொறையாப் போறாரு. இது உங்களுக்கே அடுக்குமா?"

"மெதுவாப் பேசுடா!" பதறிப்போய் எடுத்து மறுபடியும் முடிந்துகொண்டாள் வேலம்மா. "யாருக்கும் தெரியாது. அஞ்சு வருசத்துக்கு முந்தி, இவருக்கு மூணு மாசந்தான் கெடுன்னு பெரிய ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்டாங்க. 'இந்தக் காடிய ஒரு ரவுண்டு ஓட்டாம சாவ மாட்டேன்'னு டாக்டரு மூஞ்சிக்கு நேரா சத்தியம் பண்ணிட்டு வந்தவருடா உங்கண்ணன்!"