எலிக்குள் ஓடிய தூதன்

அரிசி குடோனில் ஒரு எலி தின்று தின்று பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. அதன் கொழுப்பில் பிறந்த ஒரு புரதத்துக்கு ஒரே வேலைதான்: மூளை வாசலுக்கு ஓடிப்போய் "போதும்" என்று சொல்வது. வாசல்காரர் காதில் அது விழுந்தால்தான் எலி தின்பதை நிறுத்தும்.

கொழுப்பு பெருகப் பெருக, இப்படிப்பட்ட தூதர்களும் பெருகிவிட்டார்கள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் யாருக்கு என்ன புரியும்? வாசல்காரர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

"அண்ணே, இதயம் திணறுதுண்ணே! இன்னிக்காவது கேளுங்க!" என்று புரதம் கெஞ்சியது.

"உன் வாய் அசையுறது மட்டும்தான்டா தெரியுது, போ!"

அந்த வாரம் குடோனுக்கு ஒரு பூனை வந்தது. எலி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் ஓடியது. கொழுப்பு கரைந்தது, தூதர் கூட்டமும் குறைந்தது. ஒருநாள் வாசலில் நாலே பேர் நின்றார்கள். வாசல்காரர் பஞ்சை எடுத்தார்.

"என்னடா சொன்னே?"

"போதும்ணே."

எலி மிச்ச அரிசியை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தது. இதயம் நிம்மதியாக அடித்தது.

புரதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்தப் பூனைக்கு நன்றி சொல்லணும்ணே. எலியைக் கொஞ்சம் அங்க போகச் சொல்லுங்க."

"லூசு! நேர்ல போனா நாம எல்லாரும் பூனை வயித்துலதான். இங்கயிருந்தே சொல்லு."

மறுபடி பூனையைக் கண்டு தலைதெறிக்க ஓடுகிற எலிக்குள் நின்றபடியே புரதம் ஒரு பெரிய கும்பிடு போட்டது.